பழங்கணினி கொள்வார்க்கு ஒரு சொல்

ஏடும் எழுதுகோலும் போலவே, இக்காலத்துக் கல்லூரி மாணவர்க்குக் கணினியும் இன்றியமையாத கருவியாயிற்று. ஆயினும், புதியதொன்று வாங்குதற்குரிய பொருள் நம் பெற்றோர் பலரிடத்து இல்லை. அன்னையின் வளையலை அடகு வைத்தும், தந்தை கடன்பட்டும் வருகின்ற பணத்தை வீணாக்காது செலவிடுமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. பிறர் பயன்படுத்தி விற்ற கணினியைக் கொள்ளுதல் இழிவன்று. அறிவுடைமையேயாம் என்பது எம் துணிபு. ஆனால், ஆராய்ந்து கொள்ளல் வேண்டும்.

எம் விடுதித் தோழர் ஒருவர், ‘ஐ7’ என்னும் பொறிப்பைக் கண்டு மகிழ்ந்து, பன்னீராயிரம் ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்கினார். அதன் செயலியோ 2012ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாந் தலைமுறையைச் சார்ந்தது. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டு வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11ஓ, இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிற்பட்டதையோ வேண்டுகின்றது. தோழர் பெயரை நோக்கினார்; பிறப்பை நோக்கினாரல்லர். மணலின்மேல் வீடு கட்டியவன் கதையே அவர் கதையுமாயிற்று.

தலைமுறையை அறிதல் அரிதன்று. ஐ5-8250 என்றவிடத்து, சிறுகோட்டை அடுத்து நிற்கும் 8 என்பதே தலைமுறையைக் காட்டும். 10310 எனின் அது பத்தாந் தலைமுறை. பழைய ஐ7ஐக் காட்டிலும் இளைய ஐ5 சாலச் சிறந்தது.

இனி, நெடுநாள் உழைப்பது எதுவெனின், உறுப்புக்களை மாற்ற இடந்தருவதே என்போம். அலுவலகங்கட்கென ஆக்கப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் முதலியவற்றை நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்தியபின் விற்றுவிடுகின்றன. சென்னை ரிச்சி தெருப் போன்ற அங்காடிகளில் அவை கிடைக்கும். அவற்றுட் பலவற்றைத் திருப்புளியால் திறந்து ராமையும் சேமிப்பகத்தையும் மாற்றலாம். மிக மெல்லிய சிலவற்றிலோ ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவை பின்னர் வளரா. எட்டு ஜிபி ராம் உள்ளதனைக் கொள்க. சுழலும் வன்தட்டு இருப்பின், அதனை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துதலே முதன் மருத்துவம். பாட்டரி தேயும் பொருளாதலின், புதியதன் விலையையும் முன்னரே கூட்டிக்கொள்க. கடையிலேயே அரைமணி நேரம் இயக்கி, விசைகள் அனைத்தையும் அழுத்தி, திரையையும் கீலையும் நோக்கி, பழைய உடையவரின் பூட்டும் கடவுச்சொல்லும் எஞ்சியில்லை எனத் தெளிந்தபின் பணத்தை எண்ணுக.

முன்னரே ஏமாந்தார்க்கும் வழியுண்டு. பழங்கணினிகள் பலவற்றில் லினக்ஸ் செவ்வனே இயங்கும், உபுண்டு 24.04 என்னும் பதிப்பு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும். எம் தோழரும் அதனையே நிறுவி, தமிழ்99 விசைப்பலகையில் தம் கட்டுரைகளை எழுதி வருகின்றார்.

நண்பர்காள்! யாம் வேண்டுவது ஒன்றே. விவரமறிந்த மூத்த மாணவர் இருவர், ஆண்டுதோறும் முதலாண்டு மாணவரை அங்காடிக்கு அழைத்துச் செல்வாராக. படிப்பு முடித்துச் செல்வோர், தமக்கு வேண்டாத கணினியைத் துடைத்துச் செப்பனிட்டு இளையார்க்கு நல்குவாராக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு சனிக்கிழமைப் பொழுதும் சிறிது அன்பும் போதும். அவ்வளவில், எங்கோ ஓர் அன்னையின் வளையல் வீண்போகாது நிற்கும்.