செல்லும் காசு, செல்லாத காசு

காசு ‘செல்லும்’ என்கிறோம். கைமாறிச் செல்வதில்தான் காசின் மதிப்பு இருக்கிறது என்பதை அவ்வினைச்சொல்லே உணர்த்துகிறது.

1957 ஏப்ரல் 1 அன்று தசம முறை நடைமுறைக்கு வந்தது. 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. அணா ஒழிந்த பின்னும் 50 பைசாவை நாம் ‘எட்டணா’ என்றோம்; இந்தியில் அது ‘அடன்னி’ ஆகவே நீடித்தது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் செல்லாதவையாயின. எட்டணா மட்டும் இன்றும் சட்டப்படி செல்லும். பத்து ரூபாய் வரை அதில் செலுத்தலாம். ஆயினும், கடைகள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

சொல்லின் பொருளை வழக்கே தீர்மானிக்கிறது என்பது மொழியியல் பாடம். நாணயத்துக்கும் அவ்விதியைப் பொருத்தலாமா? கூடாது என்பேன். ஒரு சொல் வழக்கொழிந்தால் எவர் பையும் குறைவதில்லை. காசு மறுக்கப்பட்டாலோ, அதைக் கடைசியாகக் கையில் வைத்திருப்பவர் இழக்கிறார். சிறுகச் சிறுக வாங்குவோருக்கே அவ்விழப்பு பெரிது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் தரும் கடைக்காரர், அதே மிட்டாயை விலையாகப் பெற்றுக்கொள்வாரா?

எட்டணாவைப் பேச்சில் காத்தால் போதாது. சட்டம் செல்லுமென்று சொல்லும் காசைக் கல்லாப்பெட்டியும் ஏற்கவேண்டும்.