பரணைச் சுத்தம் செய்கிறவருக்கும் மாலை போடுங்கள்!

புது வீடு கட்டினால் ஊரே வந்து பார்க்கும். பரணைச் சுத்தம் செய்தால் யார் வருவார்கள்?

ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் பரணில் தேள் அடைந்தால், கொட்டு வாங்குவது வீட்டுக் குழந்தைதான்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு பரண் உண்டு.

ரேடியோவில் படித்தவர்

மூடுல் என்று ஒரு மென்பொருள். பல நாட்டுப் பள்ளிகளும் கல்லூரிகளும் இதன் மூலம் பாடம் நடத்துகின்றன. பரீட்சை வைக்கின்றன. மார்க் போடுகின்றன.

இதை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ். சிறுவயதில் பாலைவனப் பகுதியில் வாழ்ந்து, ரேடியோ வழியாகப் பாடம் கேட்டவர். மூடுலின் முதல் பதிப்பு 2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது.

இதற்கு விலை கிடையாது. உள்ளே இருக்கும் கட்டளைகளை யாரும் படிக்கலாம். யாரும் திருத்தலாம்.

பல கை பட்டால் வேலை வளரும். சாமான்களும் சிதறும்! மூடுலில் ஒரே பைலில் பத்தாயிரம் வரிகளுக்குமேல் கட்டளைகள் குவிந்துவிட்டன.

இடித்துவிடலாமா?

"எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கூடாது! பள்ளிகள் தங்களுக்கு வேண்டிய வசதிகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவை பழைய கட்டளைகளை நம்பி ஓடுகின்றன. திடீரென்று மாற்றினால், பரீட்சை நடுவில் நின்றுவிடலாம்.

மாமியார் ராத்திரியோடு ராத்திரியாக டப்பாக்களை இடம் மாற்றி வைக்கிறார். காலையில் மருமகள் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போடுகிறாள். குற்றம் யார்மேல்? சொல்லாமல் மாற்றியவர்மேல்தான்!

மூடுலில் நல்ல முறை ஒன்று உண்டு. பழைய கட்டளையை உடனே நீக்குவதில்லை. "இனி இதை விட்டுவிட்டுப் புதியதைப் பயன்படுத்துங்கள்" என்று முதலில் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். சில பதிப்புகள் போன பிறகே நீக்குகிறார்கள். மாற்றம் செய்யும்போது, பழைய வேலை கெடவில்லையா என்று கம்ப்யூட்டரே சோதித்துப் பார்க்கிறது.

வாசலும் உள்ளறையும்

2025 அக்டோபரில் 5.1 பதிப்பு வந்தது. அதில் பெரிய மாற்றம் ஒன்று. முன்பு உள்ளே இருக்கவேண்டிய பைல்களும் வாசலிலேயே கிடந்தன. இப்போது வெளியாருக்கு வேண்டியவை 'பப்ளிக்' என்ற தனிப் பகுதியில் இருக்கின்றன. தகவல் பெட்டகத்தின் சாவி போன்ற பாஸ்வேர்டு பைல், வாசலைத் தாண்டி உள்ளறையில் இருக்கிறது.

இதனால் பள்ளிக் கம்ப்யூட்டரைக் கவனிப்பவர்களுக்குத் தொல்லைதான். புதிய வாசலைக் காட்டி, அமைப்பை மாற்றவேண்டும். ஆனாலும் திருடன் வந்த பிறகு கதவு வைப்பதைவிட இது மேல் அல்லவா?

மாணவன் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. அதனால் "என்ன கிழித்தீர்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. அது தவறு!

புதிய பதிப்பு வரும்போது, "புதிதாக என்ன சேர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, "பழையதில் எதைச் சீர்செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்த வேலைக்கும் நேரம் கொடுங்கள். கூலி கொடுங்கள்.

பரீட்சை நாளில் ஒரு பிள்ளை தடங்கல் இல்லாமல் எழுதி முடிக்கிறது. பரணைச் சுத்தம் செய்தவரின் உழைப்பு அதில் இருக்கிறது!