கூரையைக் காக்கும் கைகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். பக்திக்காக அல்ல, தரைக்காக. கண்ணாடியாக மின்னும் அந்தக் கறுப்புத் தரைக்குக் காட்டும் அக்கறை தலைக்கு மேலுள்ள மரக்கூரைக்கு இன்னும் அதிகமாகத் தேவை. கட்டடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1601ல் வேணாட்டு மன்னர்கள் தொடங்கிய அரண்மனை இது. 1750 வாக்கில் மார்த்தாண்ட வர்மா இதை விரிவாகத் திருத்தி அமைத்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது ஊர் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனை கேரளத்திடமே தங்கியது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

மரச்சட்டக் கட்டடங்கள் மேலைநாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் லெட்பரி என்ற சிற்றூரில், 17ஆம் நூற்றாண்டுச் சந்தை மண்டபம் ஒன்று 16 மரத்தூண்களின் மேல் நிற்கிறது. அந்த ஊர்ப் பாணியில் சுவரே மரச்சட்டம்தான். இடைவெளிகளை மண்ணும் சாந்தும் நிரப்பும். பத்மநாபபுரத்திலோ தச்சனின் முழுக்கவனமும் கூரை மீது. இரண்டு பருவமழைகளையும் தாங்க வேண்டிய இடம் அல்லவா? செங்குத்தான ஓட்டுச்சரிவு நீரைத் தங்கவிடாது. நீண்டு இறங்கும் இறவாணம் சாரலைத் தடுக்கும். சாய்வான மரப்பட்டிகள் கொண்ட ஜன்னல்கள் வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் அனுமதிக்கும்.

சுவரின் தலையில் உத்தரம். அதிலிருந்து முகட்டுக்கு ஏறும் கழுக்கோல்கள். அந்தக் கோல்களைத் துளைத்துக் குறுக்கே ஓடும் 'வளை' எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுகிறது. கோத்து நிறுத்தியதைக் கழற்றவும் முடியும். செல்லரித்த மரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். பழுது பார்க்கப்படும் என்று தெரிந்தே கட்டப்பட்ட கட்டடம் இது.

அப்படி மாற்றிக்கொண்டே போனால் அரண்மனை பழையதாக இருக்குமா? 1964ல் வெனிஸில் உருவான பாதுகாப்பு சாசனம், மாற்றிய பகுதி மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றது. ஆனால் ஜப்பானில் ஈசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013ல். 1994ல் அதே ஜப்பானின் நாரா நகரில் கூடிய நிபுணர்கள், மூலத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றே எடைபோட வேண்டும், மரபும் தொழில்நுட்பமும் கூட அதற்குச் சான்று என்று ஏற்றார்கள்.

பத்மநாபபுரத்துக்குப் பொருந்தும் வாதம் இதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மரம் மாறலாம், வேலை தெரிந்த கை அற்றுப்போகக் கூடாது. ஆறன்முளையில் 1993ல் கேரள அரசு தொடங்கிய வாஸ்து வித்யா குருகுலம் போன்ற நிறுவனங்களின் முக்கியத்துவம் இதில் இருக்கிறது.

2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அரண்மனை இடம்பெற்றது. பெருமைதான். ஆனால் பட்டியல் மழையைத் தடுக்காது. அடுத்த முறை ஒரு கழுக்கோல் உளுத்துப்போகும்போது, சரிவைக் கணக்கிட்டு, வளைக்குத் துளை போட்டு, இன்னொன்றைச் செதுக்கத் தெரிந்த தச்சர் வேண்டும். அவருக்கு ஆண்டு முழுதும் வேலையும் கௌரவமான கூலியும் கொடுப்பது, அரண்மனைப் பராமரிப்பின் முதல் செலவாக இருக்க வேண்டும்.