மௌனா லோவாவுக்கு யார் பணம் கட்டுவது?

காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று உலகம் மேற்கோள் காட்டும் எண், ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 3,397 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆய்வகத்திலிருந்து வருகிறது. அமெரிக்க அரசின் 2026 நிதியாண்டு பட்ஜெட் முன்மொழிவு அதை மூடச் சொன்னது. அலாஸ்கா, அமெரிக்க சமோவா, தென் துருவ நிலையங்களும் அதே பட்டியலில் இருந்தன. நாடாளுமன்றம் இதை ஏற்பதும் தள்ளுவதும் அந்நாட்டின் பாடு. இப்படியொரு பதிவேடு ஆண்டுதோறும் ஒரே நாட்டின் கஜானாவைப் பார்த்துக் காத்திருப்பதே தவறு என்கிறோம் நாம்.

இடத்தின் சிறப்பு அப்படி. பசிபிக் நடுவே, ஆலையும் காடும் அண்டாத வெறும் எரிமலைப் பாறை. பகலில் வெயில் ஏற ஏற அடிவாரக் காற்று மேலே வரும். அதில் செடிகொடிகள் உறிஞ்சியதன் சுவடு இருக்கும். இரவில் காற்று உயரத்திலிருந்து இறங்கும். கணக்குக்கு உதவுவது அதுதான். எரிமலை வாயிலிருந்து கசியும் வாயு கலந்த அளவுகளைக் கழித்துவிடுவார்கள். கருவி போதாதென்று கண்ணாடிக் குடுவையிலும் காற்றைப் பிடிக்கிறார்கள். பிடிப்பவர் காற்றை எதிர்த்து நின்று மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு வெளிக்காற்றைவிட ஏறக்குறைய நூறு மடங்கு.

1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் இங்கே அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 313 பங்கு. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது. இடையில் 1964-ல் சில மாதங்கள் வரைகோடு அறுந்து கிடக்கிறது. காரணம், நிதி வெட்டு. 2022 நவம்பரில் எரிமலை நிஜமாகவே வெடித்து, சாலையையும் மின்கம்பிகளையும் எரிகுழம்பு விழுங்கியபோதோ, பக்கத்து மௌனா கியாவில் சில நாட்களிலேயே அளவெடுப்பு தொடங்கிவிட்டது. எரிகுழம்பைவிட பட்ஜெட்டுக்குத்தான் அஞ்ச வேண்டியிருக்கிறது!

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இந்த வேலைக்கு ஏவப்பட்டவற்றில் பெரும்பாலானவை தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நம்புகின்றன. இரவிலும் அடர்ந்த மேகத்திலும் பயன்படாது. அவற்றின் அளவு சரிதானா என்று பார்க்கவும் தரைக் கருவிகள் வேண்டும். வேறு நிலையங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை நீண்ட நேரடித் தொடர் வேறெங்கும் இல்லை. விட்டுப்போன மாதத்தின் காற்றை அடுத்த பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி வாங்க முடியுமா?

மாற்று வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் கணவாயில் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஆய்வு நிலையம் 1931-ல் திறக்கப்பட்டது. அதை நடத்துவது, பல நாடுகளின் அறிவியல் அமைப்புகள் உறுப்பினராக உள்ள ஒரு பன்னாட்டு அறக்கட்டளை. ஒரு நிதியமைச்சர் முகம் சுளித்தால் கதவு சாத்தப்படும் நிலை அங்கில்லை.

அதேபோல, நீண்டகாலத் தொடர்களைக் காக்க உலக வானிலை அமைப்பின் கீழ் பொதுநிதி ஒன்று வேண்டும். இந்தியா இதில் வேடிக்கை பார்க்க முடியாது. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டரில், பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து கரியமில வாயுவை அளந்த அனுபவம் நமக்கு உண்டு. பணக்கார நாடுகளின் வாக்குறுதிகள் பலித்தனவா என்று ஒவ்வொரு பருவநிலை மாநாட்டிலும் கேட்பவர்கள் நாம். அதற்கான விடை இந்த அளவுகளில்தான் தெரியும். அடுத்த மாநாட்டில் பொதுநிதிக் கோரிக்கையை இந்தியா வைக்கட்டும். முதல் தொகையையும் தானே அறிவிக்கட்டும்.