ஆயில் கறை பக்கம்: எந்த வண்டி இன்ஜினை எடுக்கலாம் மச்சி?

மெக்கானிக்கல் பசங்களுக்கு அஞ்சாவது செமஸ்டர் தாண்டினதும் ஒரு வியாதி வரும். வீட்டுத் திண்ணை ஓரமா துருப்பிடிச்சுக் கிடக்கிற பழைய பைக்கைப் பார்த்தா கை சும்மா இருக்காது. 'இதை அறுத்து, பின்னாடி ரெண்டு சக்கரம் வெச்சு, நம்மளே ஒரு மூணு சக்கர வண்டி செஞ்சா என்ன?' அடுத்த நிமிஷமே ரெண்டாவது கேள்வி: 'எந்த இன்ஜின்?'

இந்தக் கேள்வியை ஹாஸ்டல் மெஸ்ஸில் போட்டுப் பாருங்க. புல்லட் கட்சி, ஆர்.எக்ஸ். கட்சி, பல்சர் கட்சி, 'ஸ்பிளெண்டர் போதும்டா' கட்சின்னு நாலா உடைஞ்சு, தட்டுல இருக்கிற சாம்பார் ஆறிப்போகும். இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்தைத்தான் எடுத்திருக்கேன்.

நம்ம கண்டுபிடிப்புன்னு யாரும் காலரைத் தூக்க வேண்டாம். இத்தாலியில் 1948-லேயே வெஸ்பா ஸ்கூட்டருக்குப் பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வெச்சு 'ஆப்பே'ன்னு விட்டாங்க. வெறும் 125 சிசி! வெஸ்பான்னா குளவி, ஆப்பேன்னா தேனீ. இப்ப நம்ம ஊர்ல ஓடுற ஆட்டோவுக்கும் தாத்தா அதுதான். டெல்லியில் இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அமெரிக்க ராணுவம் விட்டுட்டுப் போன ஹார்லி டேவிட்சன் பைக்குகளில் பயணிகள் உட்காரும் பெட்டியைச் சேர்த்து 'பட்பட்டி'ன்னு ஓட்டினாங்க. புகைப் பிரச்னையால 1990-களின் கடைசியில் அதெல்லாம் ரோட்டை விட்டுப் போச்சு. குஜராத் சௌராஷ்டிரா பக்கம் 'சக்டா'. முன்பாதி புல்லட், பின்பாதி தட்டு வண்டி, டீசல் இன்ஜின் 'டக் டக் டக்'. ராஜ்கோட்ல ஒரு கம்பெனியே அதைத் தயாரிச்சு பெரிய ஆளாச்சு. நம்ம சென்னையின் மீன்பாடி வண்டியைச் சொல்லவே வேணாம். மிதிக்கிற வண்டியில் யாரோ ஒருத்தர் பழைய இன்ஜினை மாட்டினார். அப்புறம் கம்பி, பீரோ, தண்ணி கேன்னு அது ஏத்தாத சாமான் கிடையாது.

எனக்குப் பிடிச்ச கதை இங்கிலாந்து மார்கன். ஹெச்.எஃப்.எஸ். மார்கன்னு ஒருத்தர், பைக் செய்யலாம்னு பெஜோ கம்பெனியின் 7 குதிரை சக்தி வி-ட்வின் இன்ஜின் ஒண்ணை வாங்கினார். கடைசியில் 1909-ல் அதை வெச்சு மூணு சக்கரக் கார் செஞ்சார். எங்கே தெரியுமா? மால்வெர்ன் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில், அங்கே இன்ஜினீயரிங் சொல்லிக்கொடுத்த வாத்தியார் உதவியோட! (எங்க லேப்ல லேத்தைத் தொட ரெண்டு கையெழுத்து வாங்கணும். அது இருக்கட்டும்.)

சரி, மேட்டருக்கு வருவோம். 'எந்த இன்ஜின்?'னு கேக்கிறதுக்கு முன்னாடி 'என்ன எடை, என்ன ஏத்தம், என்ன வேகம்?'னு கேக்கணும். நம்ம மாவட்டத்துல இது முக்கியம். நாஞ்சில் நாட்டுப் பக்கம், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், வயல் நடுவே ரோடு கிட்டத்தட்ட பலகை மாதிரி போகும். அதே வண்டியை மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள விட்டா ஏத்தமும் இறக்கமும்தான். ஒரே மாவட்டம், ரெண்டு வேற வேற இன்ஜின் கணக்கு!

கால்குலேட்டரை எடுங்க. வண்டியோட சொந்த எடை 200 கிலோ, ஓட்டுறவர் 70, வாழைக்குலை 230. மொத்தம் 500 கிலோ. பத்தடி போனா ஓரடி ஏறுற ஏத்தம்னு வெச்சுக்குவோம். ஏறுறதுக்கு மட்டும் சுமார் 490 நியூட்டன், டயர் உருள இன்னொரு 100. ஆக 590. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல ஏற 2.5 கிலோவாட் வேணும். செயின், கியர்ல போற நஷ்டத்தையும் சேர்த்தா இன்ஜின் தரவேண்டியது 4 குதிரை சக்தி.

நாலுதான்! 97 சிசி ஸ்பிளெண்டர் சுமார் 8 தருது. தேவைக்கு ரெண்டு மடங்கு. அப்போ 'ஸ்பிளெண்டர் போதும்டா' கட்சி ஜெயிச்சாச்சா?

கோட்டாறு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இந்தக் கணக்கைக் காட்டினேன். அந்த ஆசான் முப்பது வருஷமா ஸ்பானர் பிடிச்சவர். பேப்பரை ஒரு பார்வை பார்த்துட்டுச் சிரிச்சார். "மக்ளே, இழுக்குமா இழுக்காதான்னு கேக்காத. எவ்வளவு நேரம் இழுக்கும்னு கேளு."

அங்கதான் விஷயமே. பெட்ரோல் இன்ஜின் 3 கிலோவாட் வேலை செய்யணும்னா கிட்டத்தட்ட 10 கிலோவாட் வெப்பத்தை வீணாக்கும். பத்து இஸ்திரிப் பெட்டியை ஒண்ணா ஆன் பண்ணின மாதிரி. பாதி சைலன்ஸர் வழியாப் போயிடும். மீதி? சிலிண்டர்ல இருக்கிற அந்த ஃபின்ஸ் வழியாவும் ஆயில் வழியாவும் வெளியேறணும். பைக்ல 50-60ல போறப்ப எதிர்காத்து ஓசியில் கிடைக்கும். 500 கிலோவை இழுத்துக்கிட்டு ஃபர்ஸ்ட் கியர்ல உறுமிக்கிட்டு ஏறுறப்ப, அதுவும் இன்ஜினை சீட்டுக்கு அடியில் தகரம் போட்டு மூடிட்டா, காத்து எங்கேயிருந்து வரும்? ஆயில் தண்ணியாகும், பிஸ்டன் பிடிக்கும்.

அடுத்தது கிளட்ச். ஸ்பிளெண்டரோட கிளட்ச், வண்டியும் ஆளும் சேர்ந்து சுமார் 240 கிலோவை நகர்த்தப் போட்டது. அதுக்கு டபுள் எடையை ஏத்தத்துல நிறுத்தி, திரும்பக் கிளப்பினா கருகின வாசனைதான் வரும்.

இப்போ மத்த வேட்பாளர்களைப் பார்ப்போம். யமஹா ஆர்.எக்ஸ்.100, 98 சிசியில் 11 குதிரை. கேக்கவே புல்லரிக்குது. ஆனா அந்தத் துள்ளல் வர்றது ஆறாயிரம், ஏழாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல. பாரம் இழுக்கிறவனுக்கு அது ஆகாது. அதோட 1996-லேயே நின்னுபோன வண்டி. இன்னிக்கு அதை அறுத்தா ரசிகர் மன்றமே வீட்டுக்கு வரும். பல்சர் 150, சுமார் 14 குதிரை, 13 நியூட்டன் மீட்டர் டார்க். நல்ல இன்ஜின். ஆனா அந்த டார்க் வர்றதும் 6,500 பக்கம்தான். டிவிஎஸ் எக்ஸ்.எல்.100-ஐ எல்லாரும் சிரிச்சு ஒதுக்குறீங்க. 4 குதிரைச் சொச்சம்தான், ஆனா அதிகபட்ச டார்க் 3,500-லேயே வந்துடுது. குளச்சல், முட்டம் பக்கம் காலையில போய்ப் பாருங்க, மீன்பெட்டி கட்டிக்கிட்டு எத்தனை எக்ஸ்.எல். போகுதுன்னு. ஒத்த கியர், தானியங்கி கிளட்ச். அதனால நூறு கிலோவுக்கு ராஜா, ஐந்நூறுக்கு இல்லை.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 வேற ஜாதி. 18 குதிரை பெருசில்லை. 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 3,000 ஆர்.பி.எம்.ல! பிஸ்டன் போய் வர்ற தூரமே 90 மில்லிமீட்டர். நிதானமா, யானை மாதிரி இழுக்கும். கியர்பாக்ஸ் தனியா இருக்கிறதால நமக்குத் தோதா நகர்த்தி வெச்சுக்கலாம். சௌராஷ்டிராக்காரங்க சும்மா ஒண்ணும் புல்லட்டைப் பிடிக்கலை. ஆனா கனம், அதிர்வு, இன்னிக்கு அதுக்குச் சொல்ற விலை... மூணையும் பார்த்தா தலை சுத்தும்.

'சரி, இன்ஜின் முடிவாச்சு'ன்னு வெச்சுக்கிட்டாலும் பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கு எப்படி சக்தி போகும்? ஒரு சக்கரத்துக்கு மட்டும் செயின் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். ரெண்டையும் ஒரே கம்பியில் கோத்தா வளைவுல உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தியாகணும். டயர் தேயும், வண்டி திரும்பாம நேரா போகப் பார்க்கும். டிஃபரென்ஷியல் வேணும். பைக்ல அது ஏது? ரிவர்ஸ் கியரும் கிடையாது. முட்டுச்சந்துல 500 கிலோவை இறங்கித் தள்ளுங்க பார்ப்போம்.

மார்கன் இதைத் தலைகீழா யோசிச்சார். முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. பின்சக்கரம் ஒண்ணுதானே, டிஃபரென்ஷியலே வேண்டாம். பிரேக் பிடிச்சுக்கிட்டே திரும்பினாலும் கவிழுற பயம் குறைவு. முன்னாடி ஒத்தைச் சக்கரம் இருந்தா, பிரேக் பிடிச்சு வளைக்கிறப்ப எடை முழுக்க முன்மூலையில் சாயும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசக் காத்துல பைக் ஓட்டினவங்களுக்குப் பக்கத்துலேர்ந்து தள்ளுறது என்னன்னு தெரியும். அங்கே உயரமா லோடு ஏத்தின மூணு சக்கரத்தை நினைச்சுப் பாருங்க.

ஃபேன் வெச்சு காத்தடிச்சுக் குளிர வைக்கிற இன்ஜின், கீழேயே டார்க், டிஃபரென்ஷியல், ரிவர்ஸ், மூணு சக்கரத்துலயும் பிரேக்... இது எல்லாம் ஒண்ணா எதுல இருக்கு? தெருமுனையில நிக்கிற ஆட்டோவில! சுமார் 200 சிசி, 10 குதிரைக்குப் பக்கத்துல. பைக் இன்ஜின் வேட்டையில் இறங்குற எல்லாரும் கடைசியில் வந்து நிக்கிற இடம் இதுதான். பஞ்சாயத்துத் தீர்ப்பு: கல்லூரி மைதானத்துக்குள்ள ஓட்ட ப்ராஜெக்ட்னா, பழைய ஆட்டோவோட இன்ஜினையும் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே எடுங்க. புல்லட் கட்சிக்காரங்க மன்னிக்கணும்.

மைதானம்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ரோட்டுக்கு வந்தா கதை வேற. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 39: பதிவு இல்லாம ஓட்டக்கூடாது. பிரிவு 52: கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில், சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் கூட உண்டு. புதுசா வண்டி வடிவமைச்சா, புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அங்கீகாரம் பெற்ற இடத்துல சோதனை பாஸாகணும். அது கம்பெனிகள் செய்ற வேலை. மீன்பாடி வண்டிகளைச் சென்னை போலீஸ் துரத்தினதும் இதே காரணத்துக்குத்தான். நம்பர் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. யார் மேலயாவது இடிச்சா, அடிபட்டவருக்கும் ஒண்ணும் கிடைக்காது, ஓட்டினவரோட வாழ்க்கையும் காலி.

இதை இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் ஒரு அண்ணாச்சி. வடசேரி சந்தையில மட்டி, செந்துளுவன் குலை ஏத்தி, கடை கடையாப் போடுறவர். மிதி வண்டிதான். ஐம்பது தாண்டியாச்சு, முழங்கால் போச்சு. "தம்பி, நீங்கல்லாம் படிக்கிற பிள்ளைகள். ஒரு பழைய பைக் இன்ஜினை இதுல வெச்சுத் தர முடியாதா? நாப்பதாயிரம் வரை பெரட்டிருவேன்"னு எங்க கேங்கைக் கேட்டிருந்தார். பசங்க ஆளுக்கொரு இன்ஜினைச் சொல்லிக் குதிச்சாங்க. மேலே இருக்கிற கணக்கெல்லாம் அவருக்காகப் போட்டதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம். பேட்டரி வண்டியைப் பத்தியும் சொன்னோம். சரக்கு ஏத்துற இ-கார்ட்டுன்னு ஒரு வகையை 2014 விதிகளிலேயே கொண்டுவந்தாச்சு. அப்போ அதுக்குப் போட்ட வரம்பு 310 கிலோ சரக்கு, 2,000 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம். சமதரையில் அவருக்கு அது தாராளம். மோட்டாருக்கு நின்ன இடத்துலயே டார்க் வரும், கிளட்சே கிடையாது. பதிவும் பண்ணலாம். ஆனா கம்பெனி வண்டியாத்தான் வாங்கணும், நாப்பதாயிரத்துல நடக்காது. கடன்தான்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பீடியை அணைச்சுட்டுச் சொன்னார்: "லோன் விஷயத்தை வீட்ல கேட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் இதைத்தானே மிதிக்கணும். இன்ஜின் வேண்டாம், பிரேக்கை மட்டும் நல்லாப் பண்ணித் தாங்க மக்ளே. பார்வதிபுரம் பாலத்துல இறங்குறப்ப செருப்பைத் தரையில தேய்ச்சுத்தான் நிறுத்துதேன்."

ஏத்தத்தை மட்டுமே கணக்குப் போட்டுக்கிட்டிருந்த நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம்.

எஸ்.ஏ.இ. இந்தியாவின் பாஹா போட்டிக்குப் போன சீனியர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அங்கே பல வருஷமா பெட்ரோல் வண்டி டீம்களுக்கெல்லாம் ஒரே 305 சிசி, 10 குதிரை பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்தான் கொடுத்தாங்க. அதனால இன்ஜின் சண்டையே வராது. எல்லார் ராத்தூக்கமும் பிரேக் டெஸ்ட்டை நினைச்சுத்தான் போகும்னார்.

இப்போதைக்கு பழைய இரும்புக் கடையில ரெண்டு மொபெட் முன்சக்கர டிரம் சிக்கியிருக்கு. ஒரே லீவர்லேர்ந்து ரெண்டு கேபிள் போகணும், ரெண்டும் சமமா இழுக்கணும். ஒண்ணு முந்தினா வண்டி அந்தப் பக்கம் திரும்பிடும். நடுவுல தராசு மாதிரி ஒரு சின்னப் பட்டையை வெச்சா சரியா வரும், வரைஞ்சாச்சு. சந்தை லோடு முடிஞ்சு ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் வண்டியைத் தர முடியும், திங்கள் விடிகாலை மூணு மணிக்குத் திரும்ப வேணும்னு அண்ணாச்சி கறாராச் சொல்லிட்டார். நாகர்கோவில்ல ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் கடை திறந்து வெச்சிருக்கிற யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்கா!