விரலில் ஏறாத தமிழ் அரியணை ஏறாது!

எம்மொழியில் கோப்பு எழுதப்படுகின்றதோ, அம்மொழி வல்லாரே ஆள்வோர், ஏனையோர் ஆளப்படுவோர். வெள்ளையர் காலத்தில் தாளில் இருந்த இவ்வடிமைத்தனம் இன்று கணினித் திரைக்குள் குடிபுகுந்துள்ளது. தமிழக அரசு அலுவலகங்களில் தாட்கோப்பு அகன்று மின்கோப்பு வந்து கொண்டிருக்கின்றது. நாளைய அரசுப் பணியாளர்க்குக் கணினித் திறன் வேண்டுமென்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எம்மொழியில் அத்திறன் என்பதே வினா!

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பெற்றது. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டின் வழித் தமிழ்99 விசைப்பலகை வரையறுக்கப்பெற்றது. 2010-இல் ஒருங்குறியை அரசே ஏற்று ஆணையிட்டது. 2021-இல் அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயமாகி, 40 விழுக்காடு பெறாதார்க்கு இடமில்லை என்றாயிற்று. சட்டம் உண்டு, பலகை உண்டு, குறியீடு உண்டு, தேர்வும் உண்டு. அலுவலரின் விரலில்தான் தமிழ் இன்னும் ஏறவில்லை!

‘247 எழுத்துக்கு விசை ஏது?’ என்று உதடு பிதுக்குவோர் உளர். இஃது அறியாமை. தமிழ்99 பலகையில் உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்களுள் பெரும்பாலன வலக்கைக்கு. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் தமிழ் இலக்கண நெறியே அங்கு விரல்நெறி. ‘அம்மா’ என அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டே போதும். புள்ளியைக் கணினியே இட்டுக் கொள்ளும்.

பழைய எழுத்துருக்களிலோ தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் ஒட்டுக்குடி இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாக் கணினியில் அரசாணையே பொருளற்ற கிறுக்கலாகும், தேடினாலும் அகப்படாது. ஒருங்குறியில் எழுதியதோ எங்கும் படிக்கவும் என்றும் தேடவும் உதவும். இவ்வேறுபாடு அறியாத தட்டச்சர், அறியாமலே அரசின் நினைவை அழிக்கின்றார்.

நடுவணரசு தன் பணியாளர்க்கென 2020-இல் வகுத்த பயிற்சித் திட்டத்திற்குச் சூட்டிய பெயர் ‘கருமயோகி’! பெயரிலேயே வடமொழியை அரியணையேற்றும் அவர்தம் மொழிப்பற்றில் காற்பங்கேனும் தமிழக ஆட்சியாளர்க்கு வேண்டாவா? பட்டா மாற்றம் கேட்ட உழவரும், முதியோர் உதவித்தொகை கேட்ட மூதாட்டியும் தமக்கு வந்த மறுமொழியைப் படிக்கப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது குடியாட்சியா?

எனவே, தட்டச்சர் முதல் துறைத் தலைவர் ஈறாக, ஒருங்குறித் தமிழில் ஒரு கோப்பினைத் தாமே எழுதித் தேடித் திருத்திக் காட்டியவர்க்கே பணியும் பணியுயர்வும் என அரசு ஆணையிடுக! அரசு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளும் முதற்கண் தமிழில் இயங்குக! கலைச்சொல் இல்லையென்று தட்டிக் கழித்தல் இனிச் செல்லாது. ‘கணினி’யும் ‘மென்பொருளு’ம் வானினின்று விழுந்தவை அல்ல, ஆளப்பட்டமையால் நிலைத்தவை.

தமிழிளைஞர் இன்றே தமிழ்99 பழகுக! விரலில் ஏறாத தமிழ் அரியணை ஏறாது!