புகையின் நிறம்

ஜனவரி விடியற்காலையில் கொல்கத்தாவின் வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரி. இதைக் குளிர் என்று டெல்லிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஹவுராவின் ஓரத்தில் இருக்கும் சாந்த்ராகாச்சியில் இரவெல்லாம் நின்றுவிட்ட ஒரு பழைய டீசல் லாரிக்கு அந்த 12 டிகிரியே போதும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும், இன்ஜின் இரண்டு மூன்று முறை இருமும். பிறகு சைலன்சரிலிருந்து வெள்ளையாக, கண்ணை எரிக்கும் புகை கிளம்பும். பக்கத்து டீக்கடைக்காரர் வங்காளியில் ஏதோ சொல்வார். அது பாராட்டு இல்லை என்பது மொழி தெரியாத டிரைவருக்கும் புரியும்.

சாந்த்ராகாச்சி லாரிகள் காத்திருக்கும் ஊர். தெற்கிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வரும் சரக்கு கோனா எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பி, சாந்த்ராகாச்சி ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி, 1992 அக்டோபரில் திறக்கப்பட்ட வித்யாசாகர் பாலத்தின் வழியாக நகருக்குள் போக வேண்டும். கனரக லாரிகளைப் பகலில் நகருக்குள் விடுவதில்லை. ஆகவே நாமக்கல்லின் டி.என். 28, திருச்செங்கோட்டின் டி.என். 34, சங்ககிரியின் டி.என். 52 என்று தமிழகப் பதிவு எண்களை இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் பார்ப்பது அதிசயமில்லை. அவ்வளவு தூரம் ஓடி வரும் வண்டிகள் பெரும்பாலும் புதியவை. சாலிமார் சரக்கு நிலையத்துக்கும் கிடங்குகளுக்கும் இடையே நடை அடிப்பவற்றில்தான் பழைய டாட்டாக்களும் லேலண்டுகளும் மிச்சம்.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். அவ்வளவுதான். அது ஏன் எரியவில்லை என்பதில்தான் மெக்கானிக்கின் பிழைப்பு இருக்கிறது.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறி கிடையாது, இன்றுவரை கிடையாது. காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அது தானே 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளிபோலப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். பீச்சிய கணத்தில் அல்ல, சற்றுப் பொறுத்து. துளி ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்துத்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பீச்சத் தொடங்குகிறார்கள். எத்தனை டிகிரி முன்பு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். ஆனால் கணக்கு எல்லா இன்ஜினுக்கும் ஒன்றுதான். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு டிகிரி என்பது விநாடியில் 3,600இல் ஒரு பங்கு. 2,400 சுற்றில் அது 14,400இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்தச் சுண்டைக்காய் நேரத்தைத்தான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சரிசெய்கிறார்கள்.

குளிர்ந்த இன்ஜினில் இந்தக் கணக்கு தவறிப்போகிறது. நசுங்கிய காற்றின் சூட்டை இரும்புச் சுவர் குடித்துவிடும். பேட்டரி சோம்பல் என்றால் இன்ஜின் மெதுவாகச் சுழலும், தேய்ந்த ரிங்குகளின் இடுக்கில் காற்று கசியும். பற்றிக்கொள்ளும் தாமதம் நீளும். தீப்பிடிப்பதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் பாதி டீசல் ஆவியாகவே வெளியே போகும். டைமிங் ஏற்கனவே இரண்டு மூன்று டிகிரி பின்தங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பட்டறைத் தமிழில் டைமிங்கை யாரும் ‘சரிசெய்வதில்லை’, ‘வைக்கிறார்கள்’, கல்யாணத்துக்கு முகூர்த்தம் வைப்பதுபோல. பாலிடெக்னிக் புத்தகத்தின் ‘எரிபொருள் உட்செலுத்து நேரம்’ எந்தப் பட்டறைக்குள்ளும் நுழைந்ததாகத் தெரியவில்லை. முகூர்த்தம் என்ற பொருத்தம் வெறும் சொல்லோடு நிற்கவில்லை. முன்னாலும் போகக்கூடாது, பின்னாலும் போகக்கூடாது.

பழைய லாரிகளில் டீசலைப் பீச்சுவது வரிசைப் பம்ப். ஆறு சிலிண்டருக்கு ஆறு ‘எலிமென்ட்’. உருளைக்கும் அதற்குள் ஏறி இறங்கும் தண்டுக்கும் இடையே சில மைக்ரான்தான் இடைவெளி. ராபர்ட் பாஷ் 1927இல் வணிக ரீதியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய அமைப்பு இது. இந்தியாவில் 1951இல் தொடங்கிய மைகோ நிறுவனம் இதை லாரி உலகின் வீட்டுப் பெயராக்கியது. 2008இல் அது பாஷ் லிமிடெட் ஆகிவிட்டது. டிரைவர்களுக்கு அது இன்னமும் மைகோ பம்ப்தான்.

டைமிங் வைக்கும் முறை பார்க்க எளிது. முதல் சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த எலிமென்ட்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிட்டு, அன்னத்தின் கழுத்துபோல வளைந்த சின்னக் குழாய் ஒன்றை மாட்டுகிறார்கள். கைப்பம்பை அழுத்தினால் டீசல் அதன் வழியே ஒழுகும். இன்ஜினைக் கையால், அது ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். ஒழுக்கு மெலிந்து, சொட்டாகி, நிற்கும். அந்தக் கணத்தில் தண்டு துவாரத்தை மூடிவிட்டது, பீச்சல் தொடங்கப் போகிறது என்று பொருள். அப்போது ஃப்ளைவீலில் இருக்கும் குறி எந்த டிகிரியைக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் பம்ப் கப்ளிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இம்மி திருப்பி, இறுக்கி, மறுபடி முதலிலிருந்து.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பிக் குறிக்கு வரக்கூடாது. கியர் பற்களின் இடைவெளி பொய் சொல்லும். நன்றாகப் பின்னுக்குப் போய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். இன்னொன்று, பம்ப் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். கப்ளிங்கில் ஒரு டிகிரி நகர்த்தினால் இன்ஜினில் இரண்டு டிகிரி. இது தெரியாத கை தொட்ட வண்டி, சுத்தியலால் அடிப்பதுபோன்ற சத்தத்தோடு பட்டறையை விட்டுப் போகும்.

ஆனால் குளிர் காலையில் புகைகிறது என்று வந்த வண்டியின் டைமிங்கில் உடனே கை வைப்பவர் நல்ல மெக்கானிக் இல்லை. நாசில் ஒழுகுகிறதா, டேப்பெட் இடைவெளி சரியா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, பேட்டரிக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பம்ப். இதையெல்லாம் விட்டுவிட்டு டைமிங்கை முன்னே தள்ளி நோயை மறைப்பது நாட்டில் எங்கும் நடப்பதுதான். கொஞ்சம் முன்னே தள்ளினால் புகை குறையும், இழுவைகூடக் கூடியதுபோலத் தோன்றும். அதிகம் தள்ளினால் காற்று இன்னும் சூடேறாத நேரத்தில் டீசல் விழுந்து சுவரை நனைக்கும். பற்றும்போது மொத்தமாகப் பற்றி பிஸ்டனை உச்சியில் அறையும். ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

அடுத்தது ‘ஸ்லோ’. குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் கெட்டி, உராய்வு அதிகம். சூடான இன்ஜினை 600 சுற்றில் அமைதியாக ஓடவைக்கும் அளவு டீசல் அதற்குப் போதாது. இன்ஜின் தள்ளாடும், நின்றுவிடும். கைத் த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்து வைத்து, சூடேறியதும் விட்டுவிடுவதுதான் முறை. பலர் செய்வது வேறு. காலையில் நின்றுபோகும் எரிச்சலில், குளிர்ந்த இன்ஜினிலேயே கவர்னரின் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவிடுகிறார்கள். பத்து மணிக்கு அதே வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். ஸ்லோ வைப்பது இன்ஜின் சூடான பிறகு செய்ய வேண்டிய வேலை. சூடான பிறகும் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் ஸ்க்ரூவில் குற்றமில்லை. குழாயில் காற்றோ, கவர்னரில் தேய்மானமோ இருக்கும்.

மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் இரவெல்லாம் ஓடவிடுகிறவர்களும் உண்டு. மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ போகும். பணம் மட்டும் போவதில்லை. சூடேறாமல் ஓடும் இன்ஜினில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். பழுதுக்குப் பயந்து செய்வதே பழுதாக முடியும்.

இது டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் இடையிலான விவகாரமாக மட்டும் இருந்திருந்தால் நீதிமன்றம் தலையிட்டிருக்காது. ஹவுராவைச் சேர்ந்த சுற்றுச்சூழல் வழக்காளர் சுபாஷ் தத்தாவின் மனுவில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 வயது தாண்டிய வணிக வாகனங்கள் ஓடக்கூடாது. கெடு நீட்டிக்கப்பட்டு, 2009 ஆகஸ்ட் 1 முதல் தடை அமலுக்கு வந்தது. 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் அதைச் சேர்த்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் இருந்து பழைய வண்டிகளை ஆறு மாதத்தில் அகற்றச் சொன்னது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் சாந்த்ராகாச்சி ஏரிக்காகவும் இதே தத்தாதான் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்.

வயதை வைத்து வண்டியை ஒதுக்குவது நிர்வாகத்துக்கு வசதி. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் ஒழுங்காகப் பராமரித்த 16 வயது இன்ஜினைவிட, டைமிங் தவறி, நாசில் ஒழுகும் 8 வயது இன்ஜின் அதிகம் புகைக்கக்கூடும். அதைப் பிடிக்க வேண்டியது புகைப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையின் லட்சணம் என்ன? பழைய டீசல் வண்டிகளுக்கு இன்ஜினைச் சூடாக்கி, சரக்கில்லாமல், நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரைப் பலமுறை அழுத்தி, புகையின் கறுப்பை அளக்கிறார்கள். 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் இருந்தால் சான்றிதழ். சூடான இன்ஜினைச் சோதிப்பதால் விடியற்காலை வெள்ளைப் புகை கணக்கில் வராது. கறுப்பை மட்டும் அளப்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வராது.

விஷமம் இங்கேதான். டைமிங்கை முன்னே தள்ளினால் கரி குறையும், எரியும் சூடு கூடும், சூட்டோடு நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். கண்ணுக்குத் தெரிந்த நஞ்சு, தெரியாத நஞ்சாக மாறியதற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. இன்னொரு வழி இன்னும் எளிது. சோதனைக்கு முன் பம்ப்பின் அதிகபட்ச டீசல் அளவைக் குறைப்பது, முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. குறைத்த அளவோடு முழு பாரத்தை ஏற்றிக்கொண்டு சாந்த்ராகாச்சி மேம்பாலத்தில் ஏறிப் பார்த்த டிரைவர் அன்றைக்கே பட்டறைக்குத் திரும்பிவிடுவார். அந்த ஸ்க்ரூவுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துத்தான் பம்ப் வருகிறது. எத்தனை பழைய பம்ப்புகளில் அந்த முத்திரை மிச்சமிருக்கிறது என்பதைச் சோதனைக்காரர்கள் குனிந்து பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

2020 ஏப்ரலில் நாடு முழுதும் வந்த பி.எஸ். 6 லாரிகளில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் எத்தனை டிகிரி, காற்று எத்தனை டிகிரி என்று சென்சார்கள் சொல்ல, கணினி ஒவ்வொரு பீச்சலையும் தனித்தனியாக முடிவுசெய்கிறது. குளிர் என்றால் முதலில் ஒரு துளி, பிறகு மீதி. ஸ்லோவும் தானே ஏறும், தானே இறங்கும். கப்ளிங் போல்ட் இல்லை, வளைந்த குழாயும் வேண்டாம். கோளாறு என்றால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு அந்த லாரியும் எட்டவில்லை, அந்த லேப்டாப்பும் எட்டவில்லை. 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய கனரக வண்டிகளின் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாயாக உயர்ந்தபோது, பலர் போட்ட கணக்கு புது வண்டி பற்றியதல்ல. அந்தப் பணத்தில் பம்ப்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு அனுப்பி, ஆறு நாசிலையும் மாற்றிவிட முடியுமா என்பதுதான்.